கொழும்பில் இறங்கும் மாரிகாலப் பறவைகளும் கமக்காரர் வயல்களும்

ஒக்டோபர் மாதத்து மழை தொடங்கும் நாட்களில், கொழும்பு நகரின் வீடுகளுக்குள்ளும் மாடிக் கட்டடங்களின் நடைகூடங்களுக்குள்ளும் இரவில் ஒரு பறவை புகுந்து, விளக்கொளியில் தடுமாறிச் சுவரோரமாக விழுந்து கிடப்பதுண்டு. மைனாவிலும் சற்றுச் சிறியது. வால் மிகக் குறுகியது. முதுகு பச்சை, சிறகில் ஒளிரும் நீலம், மார்பு மங்கிய மஞ்சள், அடிவயிறு செங்குருதி நிறம், கண்ணின் குறுக்கே கரிய பட்டை. இத்தனை நிறங்களையும் ஒருங்கே காணும் வீட்டார், எவரோ வளர்த்த வெளிநாட்டுப் பறவை கூண்டினின்று தப்பி வந்துவிட்டது என எண்ணுதல் இயல்பே. உண்மையில் அது எவரும் வளர்த்ததன்று. வட இந்தியாவிலும் இமயமலை அடிவாரத்திலும் குஞ்சு பொரித்துவிட்டு மாரியைக் கழிக்க இந்நாட்டிற்கு வரும் ஆறுமணிக் குருவியே அது. காலையிலும் மாலையிலும் ஏறக்குறைய ஆறு மணியளவில் இரட்டைச் சீழ்க்கையாக ஒலிக்கும் அதன் குரலே இப்பெயரைப் பெற்றுத் தந்தது. சிங்கள மக்கள் இதனை அவிச்சியா என்பர்.

இப்பறவை பகலில் நெடுந்தூரம் பறப்பதில்லை. வலசை செல்லும்போது இரவிலேயே பறக்கின்றது. கடலைக் கடந்து களைத்து வரும் வேளையில், இருண்ட தோட்டங்களைத் தேடும் அதன் கண்ணுக்கு நகரத்து மின்விளக்குகள் பெருங்குழப்பத்தை விளைக்கின்றன. வெள்ளவத்தை போன்று கடலை நோக்கிய மாடிகள் நெருங்கிய பகுதிகளில் கண்ணாடியில் மோதி வீழ்வனவும் உண்டு. இவ்வாறு வீழ்ந்த பறவையைக் கண்டெடுப்போர் அதற்கு ஊட்ட முயலுதல் வேண்டாம். காற்றோட்டத் துளையிட்ட ஓர் அட்டைப்பெட்டியில் இருளும் அமைதியும் கிடைக்குமாறு வைத்து, களைப்பு நீங்கியபின் மரநிழலும் சருகும் உள்ள தோட்டமொன்றில் விடுதலே போதுமானது. பூனையும் காகமும் அணுகாதவாறு சிறிது நேரம் காவல் இருத்தல் நன்று.

ஆறுமணிக் குருவியோடு ஒரே பருவத்தில் வந்து, அதைப்போலவே எதிர்பாராத இடங்களில் அகப்படும் மற்றொரு பறவை, சாம்பல் நிறக் கால்களையுடைய காணான்கோழி இனமொன்றாகும். தலையும் மார்பும் செம்பழுப்பு. வயிற்றில் கறுப்பும் வெள்ளையுமான வரிகள். பகலில் பற்றைக்குள் பதுங்கி, மாலையிருளில் வெளிவந்து இரை தேடும் இயல்பினதாதலால், தேடிச் செல்வோரின் கண்ணில் இது எளிதில் படுவதில்லை. பறவை நோக்குவோர் பலர் தம் வாழ்நாளில் இதனைக் கண்டது ஒன்றிரண்டு முறையே. அதுவும் காட்டிலன்று, எவருடைய வீட்டுக் குளியலறையிலோ வண்டிக் கொட்டகையிலோ அகப்பட்டதனால் கண்டதாகும்.

இத்தகைய செய்திகளைக் குறித்து வைக்கும் வழக்கம் இந்நாட்டில் புதியதன்று. இலங்கைப் பறவைகளின் வரலாற்றை வின்சன்ட் லெக் என்பவர் 1878 முதல் 1880 வரை பகுதிகளாக வெளியிட்டார். கொழும்பு நூதனசாலையில் பணியாற்றிய ஜீ. எம். ஹென்றி 1955ஆம் ஆண்டில் வெளியிட்ட கையேடு இன்றும் பலரால் விரும்பிப் படிக்கப்படுகின்றது. 1943ஆம் ஆண்டில் தோன்றிய இலங்கைப் பறவைக் கழகம், அங்கத்தவர் அனுப்பும் செய்திகளைத் தொகுத்துக் குறிப்பேடாக வெளியிட்டு வந்துள்ளது. கொழும்புப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்து 1976ஆம் ஆண்டு முதல் இயங்கும் இலங்கைக் களப் பறவையியற் குழுவும் இப்பணியில் ஈடுபட்டுள்ளது. இவ்விரண்டிலும் சேர்ந்தோருள் விலங்கியல் கற்றவர் சிலரே. ஆசிரியர், எழுதுவினைஞர், வைத்தியர், மாணவர் எனப் பலதரப்பட்டோர் ஓய்வு நேரத்தில் செய்த வேலை இது.

அவர்கள் எங்கு நின்று நோக்கினர் என்பதும் கவனிக்கத்தக்கது. கொழும்பின் தென்பகுதிக் கரையோரம் நெடுகப் புகையிரதப் பாதை செல்கின்றது. அதற்கப்பால் திறந்த கடல். 1980களில் ரெக்ஸ் த சில்வா என்னும் கடற்பறவை ஆய்வாளர் கொழும்புக் கரையில் நின்று, முதுகு கரும்பழுப்பான ஆலா இனமொன்று நிலம் தொடாமல் தெற்கு நோக்கிப் பெருந்திரளாகச் செல்வதைப் பதிவு செய்தார். ஆண்டின் பிற்பாதியில் நிகழும் இப்பயணம் அதற்கு முன்னர் பலர் கண்ணிலும் பட்டிருத்தல் வேண்டும். எனினும் நாள்தோறும் நின்று எண்ணிய பின்னரே அது உலகறிந்த செய்தியாயிற்று. நகரின் வடபகுதியில் கொட்டாஞ்சேனைக்கு அப்பால், களனி கங்கை கடலோடு கலக்கும் முகத்துவாரப் பகுதியும் ஆலாக்களும் கடற்காகங்களும் கூடும் இடமாகும். கடற்காகத்தின் பயணம் எத்துணை நீண்டது என்பது அண்மையிலேயே ஐயந்திரிபறத் தெரிந்தது. 2021ஆம் ஆண்டில் மன்னாரில் பிடித்து, செய்மதிக் கருவி பொருத்தி விடப்பட்ட கடற்காகமொன்று ருஷியாவின் வடகோடியிலுள்ள ஆர்ட்டிக் நிலம்வரை சென்று, அடுத்த மாரிக்கு மீண்டும் மன்னாருக்கே திரும்பியது.

அரியது எது?

நகரத்தார் அரிய பறவை என எழுதும்போது அச்சொல்லை இரு பொருளில் வழங்குகின்றனர். இந்நாட்டை எப்பொழுதோ ஒருமுறை வந்தடையும் பறவை ஒருவகை. சூறைக்குருவியை இதற்கு உதாரணமாகக் கூறலாம். இளஞ்சிவப்பு உடலும் கருந்தலையும் கொண்ட இப்பறவை, சில ஆண்டுகளில் கூட்டமாக வரும். பல ஆண்டுகளில் தலைகாட்டுவதேயில்லை. கொழும்பில் ஒன்று காணப்பட்டாலும் அது செய்தியே. மற்றொரு வகை, ஆண்டுதோறும் தவறாது வந்தும் காணப்படாத பறவை. ஆறுமணிக் குருவி இரண்டாம் வகையைச் சார்ந்தது. அது குறைவாக வருவதனால் அரியதன்று. சருகு நிழலில் மெளனமாக நடமாடுவதனாலும், அது குரல் எழுப்பும் வேளையில் நகரத்தார் படுக்கையில் அல்லது பேருந்தில் இருப்பதனாலும் அரியதாகத் தோன்றுகின்றது. காலை ஆறு மணிக்கு வரம்பில் நிற்பவன் கமக்காரன். மரக்கறித் தோட்டத்தின் வேலியோரத்தில் அக்குரலை ஐந்து மாதம் கேட்டுவரும் ஒருவர், அதனை ஓரிரவு மட்டும் கண்டு எழுதியவரினும் அதிகம் அறிந்தவராவார். அவர் எழுதி வைப்பதில்லை என்பதே வேறுபாடு.

வீட்டுக்குள் விழுந்த பறவை விடிந்ததும் எங்கே செல்கின்றது என்னும் வினா இங்கு எழுகின்றது. வெள்ளவத்தையின் சீமெந்து முற்றங்களில் அதற்கு உணவில்லை. நகருக்குப் பின்னால் கிழக்கிலும் தெற்கிலும் வடக்கிலும் கிடக்கும் தாழ்நிலங்களையும், அவற்றைச் சூழ்ந்த தோட்டங்களையும், அவற்றுக்கும் அப்பாலுள்ள ஓமாகமை, பாதுக்கை, கடுவலைப் பகுதிகளின் வயல்களையும் நாடியே மாரிப்பறவைகள் பரந்து செல்கின்றன. கொழும்பு மாநகரப் பகுதியில் இன்று எஞ்சியுள்ள ஈரநிலம் ஏறக்குறைய 20 சதுர கிலோமீற்றர். இவற்றுட் பெரும்பகுதி ஒரு காலத்தில் நெல் விளைந்த நிலமாகும். களனி ஆற்றுக்கும் நீர்கொழும்புக் களப்புக்கும் இடையே கிடக்கும் முத்துராஜவெலவின் பெயரில் வரும் ‘வெல’ என்னும் சிங்களச் சொல் வயலையே குறிக்கும். கோட்டை அரசர் காலத்தில் செழித்திருந்த அவ்வயல்கள் உப்புநீர் புகுந்து கெட்டன எனக் கூறுவர். கொட்டாஞ்சேனை என்னும் பெயரின் ஈற்றில் நிற்பதும் சேனை அன்றோ!

பெல்லன்வில – அத்திடிய சதுப்பின் கதை இதற்கு அணித்தான காலத்தது. அங்கு வயல்கள் செய்கை இன்றி விடப்பட, புல்லும் கோரையும் பரந்து நீர்ப்பறவைகளுக்கு இடமாயின. 1990ஆம் ஆண்டில் 372 ஹெக்டேயர் பரப்பு சரணாலயமாகப் பிரகடனம் செய்யப்பட்டது. தலங்கமைக் குளமோ இன்றும் வயலுக்கு நீர் பாய்ச்சும் குளம். அதனைச் சூழ்ந்த பகுதி 2007ஆம் ஆண்டு முதல் சுற்றாடற் பாதுகாப்புப் பிரதேசமாகும். நெற்செய்கையும் பறவை வாழ்வும் ஒரே நீரில் நடைபெறக் காண விரும்புவோர் தலங்கமையைச் சென்று பார்த்தல் நன்று. கொலொன்னாவை, வெல்லம்பிட்டிப் பகுதிகளின் சதுப்புகளில் கங்குன், பொன்னாங்காணி முதலிய கீரைகள் செய்கை பண்ணப்படுகின்றன. கொழும்பு 2018ஆம் ஆண்டில் றாம்சார் சமவாயத்தின்கீழ் ஈரநில நகரமாக ஏற்கப்பட்டபோது, அவ்வாறு முதன்முதலாக ஏற்கப்பட்ட 18 நகரங்களுள் ஒன்றாயிற்று.

இந்நிலங்களை நிரப்பி வீடு கட்டுவோர் பெறும் இலாபம் உடனே தெரிவது. இழப்போ மழைநாளில் தெரிவது. 2010ஆம் ஆண்டு நவம்பரில் ஓரிரவு பெய்த பெருமழையில் தியவன்னா ஓயாவின் நடுவே அமைந்த பாராளுமன்றக் கட்டடமே வெள்ளத்தால் சூழப்பட்டது. சதுப்பும் வயலும் ஏந்தி வைத்து, வெள்ளவத்தை, தெகிவளை வாய்க்கால்கள் வழியாக மெல்ல மெல்லக் கடலுக்கு விட வேண்டிய நீர், தங்க இடமின்றி வீதிக்கு வருகின்றது. பறவை இறங்கும் இடமும் வெள்ளம் இறங்கும் இடமும் ஒன்றே.

வயலில் அவை செய்யும் வேலை

பறவை என்றதும் கமக்காரர் மனத்தில் முதலில் தோன்றுவது சேதமே. அது நியாயமானதே. எனினும் ஈரவலய வயல்களில் கதிரைக் கெடுக்கும் சில்லை, தூக்கணாங்குருவி, பச்சைக்கிளி, தாழைக்கோழி ஆகியவை யாவும் இந்நாட்டிலேயே நிலையாக வாழ்வன. ஒக்டோபரில் கடல் கடந்து இவ்வயல்களுக்கு வருவனவற்றுட் பெரும்பாலானவை நெல்மணியை நாடுவனவல்ல. சைபீரியாவிலிருந்து வரும் ஊசிவால் உள்ளான், தன் நீண்ட அலகைச் சேற்றில் ஊன்றிப் புழுக்களை எடுக்கின்றது. ஆங்கிலேயர் ஆட்சிக் காலத்தில் உள்ளான் வேட்டை துரைமாரின் பெருவிளையாட்டாக இருந்தமையால், வயலுக்கு வரும் மாரிப்பறவைகளுள் இதன் பெயரே கிராமத்தாருக்கு நன்கு தெரிந்திருக்கின்றது. வேலிக் கம்பின்மேல் தனித்திருந்து உரத்துக் கத்தும் பழுப்புக் கீச்சான், வெட்டுக்கிளிகளையும் பெரிய வண்டுகளையும் பிடிக்கின்றது. அது தனக்கென ஓர் எல்லை வகுத்து மாரி முழுவதும் அதே தோட்டத்தில் தங்கும். வாலாட்டிகள் உழுத வயலில் கலப்பையின் பின்னே ஓடுகின்றன. தகைவிலான் குருவிகள் நெற்பயிரின் தலைக்கு மேலாக இடைவிடாது பறந்து, பறக்கும் சிறு பூச்சிகளை வாயாலேயே வாரிக்கொள்கின்றன. ஆறுமணிக் குருவி மரக்கறிப் பாத்தியின் ஓரத்திலுள்ள சருகைப் புரட்டிக் கூட்டுப்புழுவையும் நத்தையையும் தின்கின்றது. பூனைப்பருந்துகள் வரண்ட வலயத்து வயல்களின் மேல் தாழப் பறந்து எலியையும் வெட்டுக்கிளியையும் தேடுகின்றன. கொழும்பை அடுத்த சதுப்புகளில் இவற்றுளொன்றைக் காண்பது அருமை.

இவற்றையெல்லாம் கூறும்போது மிகைப்படுத்துதலும் தகாது. பறவைகள் மாத்திரம் ஒரு பீடையை அடக்கிவிடும் எனக் கருதலாகாது. நீலவால் பஞ்சுருட்டான் தும்பிகளையும் தேனீக்களையும் விரும்பி உண்பதால், தேனீப் பெட்டி வைத்திருப்போருக்கு அது நண்பனன்று. சூறைக்குருவியும் அவ்வாறே. தான் குஞ்சு பொரிக்கும் நாடுகளில் வெட்டுக்கிளிகளைப் பெருவாரியாக அழிக்கின்றது. சீனாவின் சிங்கியாங் பிரதேசத்தில் 1980களிலிருந்து அதற்கெனக் கூடுகட்டும் இடங்களையே அமைத்துக் கொடுத்து வெட்டுக்கிளியை அடக்கியுள்ளனர். அதே பறவை மாரியில் இந்தியா வந்ததும் சோளக் கதிரில் இறங்குகின்றது. சோளக்குருவி என்னும் பெயரும் அதனால் வந்ததே. முன்னோர் இக்கணக்கின் இரு பக்கங்களையும் அறிந்திருந்தனர். சிங்களக் கிராமங்களில் ‘குருளு பாலுவ’ என ஒரு வழக்கமிருந்தது. வயலின் ஒரு சிறு பகுதியைப் பறவைகளுக்கென்றே விட்டுவிடுவர். எஞ்சியதைத் தமக்கெனக் காப்பர்.

முதல் 40 நாட்கள்

மாரிப்பறவைகள் வந்து சேரும் காலமும் பெரும்போகப் பயிர் இளமையாக நிற்கும் காலமும் ஒன்றாகும். இந்நாட்களில் இலையில் ஓட்டை கண்டதும் பூச்சிநாசினி தெளிக்கும் பழக்கம் பலரிடம் உண்டு. பிலிப்பீன்சிலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தின் ஆய்வுகள், முதல் 40 நாட்களுக்குள் இலை தின்னும் புழுக்களை நோக்கித் தெளிப்பது பெரும்பாலும் வீண் செலவு என்பதைக் காட்டியுள்ளன. இளம் பயிர் இழந்த இலையைத் தானே ஈடுசெய்து கொள்ளும். வேளைக்கு முந்தித் தெளித்த நாசினி சிலந்திகளையும் ஏனைய நற்பூச்சிகளையும் அழிப்பதனால், பின்னர் வரும் கபிலநிறத் தத்தி தடையின்றிப் பெருகுகின்றது. ஆகவே இந்நாட்களில் தெளிப்பானைக் கீழே வைப்பவர், பறவைக்காகத் தம் விளைச்சலைத் தியாகம் செய்பவரல்லர்.

தெளித்தால் நேர்வது யாது என்பதை ஆர்ஜென்டீனா நாட்டு நிகழ்ச்சியொன்று தெளிவாகக் காட்டும். 1995 – 96 பருவத்தில் அந்நாட்டு விவசாயிகள் வெட்டுக்கிளியை ஒழிக்க மொனோகுரொட்டோபொஸ் என்னும் நாசினியைத் தெளித்தனர். அதே வெட்டுக்கிளியை உண்ண வட அமெரிக்காவிலிருந்து வந்திருந்த சுவெயின்சன் வல்லூறுகள் வயல்களிலும் மரத்தடிகளிலும் குவியலாக இறந்து கிடந்தன. இறந்தவை ஏறக்குறைய 20,000 என மதிப்பிடப்பட்டது. கூலியின்றி வெட்டுக்கிளி பிடித்துக் கொண்டிருந்த வேலையாட்களையே கொன்றதற்கு ஒப்பான செயல் அது. அந்நாசினி இலங்கையில் 1995ஆம் ஆண்டிலேயே தடைசெய்யப்பட்டது. ஆயினும் அதற்குக் காரணம் பறவைகளல்ல. அதனை உட்கொண்டு இறந்த மனிதர்களின் தொகையே. இன்று விற்பனையிலுள்ள நாசினிகளைப் பயன்படுத்துவோரும், தெளித்த வயலில் மயங்கிய பூச்சியைப் பறவை எளிதில் கொத்தி உண்ணும் என்பதை நினைவிற் கொள்ளுதல் வேண்டும். மணியுருவான நாசினியை வரம்பில் சிந்தி விடுதல் கூடாது. இரைப்பைக்கு வேண்டிய சிறு கல்லென்று அதனைப் பறவைகள் விழுங்குகின்றன.

செலவின்றிச் செய்யக்கூடிய வேறு சிலவும் உண்டு. பயிருக்கு மேல் உயருமாறு சில கம்புகளைக் குறுக்குச் சட்டத்துடன் வயலில் நாட்டினால் கீச்சானும் கரிக்குருவியும் அவற்றில் அமர்ந்து புழு பிடிக்கும். கதிர் பால்பிடிக்கத் தொடங்கியதும் இக்கம்புகளைப் பிடுங்கி விடுதல் வேண்டும்; இல்லையேல் கிளியும் சில்லையும் அவற்றையே தம் இருக்கையாக்கிக் கொள்ளும். மரக்கறித் தோட்டத்தின் எல்லையில் விழும் சருகைத் தீயிட்டு எரியாமல் பாத்திக்கு மூடாக்காக இடுவது மண்ணின் ஈரத்தையும் காக்கும், ஆறுமணிக் குருவிக்கும் இடமளிக்கும். தோட்டத்து விளக்குகளை ஒக்டோபர், நவம்பர் இரவுகளில் வேண்டியபோது மட்டும் ஏற்றுவது நன்று.

ஒவ்வோர் ஆண்டும் ஜனவரி மாதத்தில் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடைபெறுகின்றது. 1987ஆம் ஆண்டில் தொடங்கிய இக்கணக்கெடுப்பில் குளங்களும் களப்புகளும் எண்ணப்படுகின்றன. வயல்களின் நடுவே எண்ணுவதற்கு ஆட்கள் மிகச் சிலரே உள்ளனர். பறவையின் நூற்பெயர் தெரியாமையால் எவரும் தயங்க வேண்டியதில்லை. கண்ட நாள், வேளை, வயலின் பெயர், எத்தனை பறவைகள், நிறம், கால் அலகு ஆகியவற்றின் நீளம், அது என்ன செய்துகொண்டிருந்தது என்பன போதும். கையடக்கத் தொலைபேசியில் ஒரு படமோ குரற்பதிவோ இருப்பின் இன்னும் நன்று. பறவையைப் பிடித்தோ சுட்டோ சான்று காட்ட வேண்டிய காலம் முடிந்துவிட்டது. 1937ஆம் ஆண்டின் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டமும் அதன் பிற்காலத் திருத்தங்களும் சிலவற்றைத் தவிர ஏனைய எல்லாப் பறவைகளுக்கும் காப்பளிக்கின்றன.

எளிதாகத் தொடங்க விரும்புவோர் ஆறுமணிக் குருவியையே தெரிந்துகொள்ளலாம். ஒக்டோபரில் முதன்முறை அதன் குரல் கேட்ட நாளையும், ஏப்பிரலில் கடைசியாகக் கேட்ட நாளையும் வீட்டு நாட்காட்டியில் குறித்து வைத்தல் போதுமானது. சித்திரை வருடப் பிறப்பு வந்துபோகும் நாட்களில், சிறுபோகத்திற்கென மண்வெட்டி எடுக்கும்போது, அவை வடக்கே புறப்பட்டுவிடும். வைகாசி பிறந்த பின்னும் அக்குரல் வேலியோரத்தில் கேட்குமாயின், உடனே எழுதியனுப்பத்தக்க அரிய செய்தி அதுவே.